படத்தைப் பார்த்தோம், அடியில் இருந்ததைப் படிக்கவில்லை

"மலருக்கு ஏதாவது எழுதிக் குடுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, கவிதையா கதையா என்று யோசித்தேன். இரண்டும் எனக்கு வராது. ஆகவே இத்தனை வருஷமாக எனக்குச் சோறு போட்ட தொழிலின் சரித்திரத்தில் ஒரு துண்டைச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் முதலிலேயே திட்டமிட்டுவிட்டு மென்பொருள் எழுதுவதா? கொஞ்சம் எழுதி, காட்டி, திருத்திக்கொண்டே போவதா? என் முதல் வேலையில் இந்தக் கேள்வியே எழவில்லை. கல்லூரியில் படித்த 'வாட்டர்ஃபால்' முறைதான் வேதம். தேவை, ஆய்வு, வடிவமைப்பு, எழுதுதல், சோதனை என்று அருவி மாதிரி கீழே இறங்கும், மேலே ஏறாது.

ஒரு கிடங்குக்குச் சரக்குக் கணக்குப் புரோகிராம். தேவைகளை எழுதவே எட்டு மாதம். வாடிக்கையாளர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். மறுவருஷம் திரையில் பார்த்தவர், "நான் கேட்டது இதுதான் தம்பி. ஆனா எனக்கு வேண்டியது இது இல்லியே" என்றார். அந்தப் புரோகிராம் ஒரு நாள்கூட ஓடவில்லை. குழுவில் இரண்டு பேருக்கு வேலை போயிற்று.

பல வருஷம் கழித்து, அந்த முறைக்கு மூலம் என்று சொல்லப்படும் கட்டுரையைத் தேடிப் படித்தேன். 1970ல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் எழுதியது. ஏழு கட்டங்கள் படிப்படியாக இறங்கும் அதே படம் இருக்கிறது. ஆனால் அதன் அடியில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? இதை இப்படியே செய்வது ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்று! சோதனை கடைசியில் வருவதால், அங்கே தப்பு தெரிந்தால் மறுபடி முதலுக்கே ஓட வேண்டும் என்பது அவர் காரணம். புது மாதிரி வேலையானால் இரண்டு தடவை செய், இரண்டாவதைக் கொடு. வாடிக்கையாளரை ஆரம்பத்திலிருந்தே கூட வைத்துக்கொள் என்கிறார். 'வாட்டர்ஃபால்' என்ற சொல்லே அதில் இல்லை.

படம் ஊர் ஊராகப் போயிற்று. எச்சரிக்கை அங்கேயே தங்கிவிட்டது. 1985ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட தரவிதியும் அந்தப் படிக்கட்டையே தழுவியது. 1994ல் வந்த புதிய விதிதான் பிடியைத் தளர்த்தியது.

மறுபக்கம், சிறு சுற்றுகளாகச் செய்வது புதுசும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் நாசாவின் மெர்க்குரி திட்டத்தில் அரை நாள் சுற்றுகளாக வேலை நடந்தது. விண்வெளி ஓடத்தின் முக்கிய மென்பொருளை 1977 முதல் 1980 வரை, 31 மாதத்தில் 17 சுற்றுகளாகச் செய்தார்கள். உயிர் சம்பந்தப்பட்ட வேலைக்கே அப்படி!

அதற்காகத் திட்டமே வேண்டாம் என்று ஆகிவிடாது. 2001ல் 17 பேர் கூடி வெளியிட்ட 'அஜைல்' பிரகடனமும், திட்டத்தைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது மேல் என்றதே தவிர, திட்டத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நான் கற்றது இவ்வளவுதான்: திருத்துவது சுலபமென்றால் சீக்கிரம் காட்டித் திருத்து. திருத்தவே முடியாத இடத்தில் முன்கூட்டி யோசி.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பாடப்புத்தகத்தில் ஒரு படத்தைப் பார்த்தால், அதை வரைந்தவர் அடியில் என்ன எழுதினார் என்று நூலகத்தில் தேடிப் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. அதற்கு விலை கொடுத்தது அந்த இரண்டு நண்பர்கள்.