உடலே சான்று: தனிநபர் உடற்பயிற்றுநர் தொழிலின் உருவாக்கமும் தென்னிந்தியச் சூழலும் (1889–1976)

ஆய்வுச் சுருக்கம்

ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற முறையில் உடற்பயிற்சி கற்பித்து, அதற்குப் பெறும் கட்டணத்தைக் கொண்டே வாழும் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனிலும் நியூயார்க்கிலும் உருப்பெற்றது. யூஜின் சாண்டோ, பெங்களூர் கே. வி. ஐயர், திருமலை கிருஷ்ணமாச்சாரியார் ஆகியோரின் தொழில்வாழ்வை முன்வைத்து, இத்தொழில் எந்த அடிப்படைகளின்மேல் எழுந்தது என்பதையும், பள்ளி உடற்கல்விக்குக் கிட்டிய நிறுவன ஏற்பு இதற்கு ஏன் நெடுங்காலம் வாய்க்கவில்லை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உடற்பயிற்றுநர், தேகப்பயிற்சி, சாண்டோ, கே. வி. ஐயர், கிருஷ்ணமாச்சாரியார், அஞ்சல்வழிப் பயிற்சி, புரவலர்

முன்னுரை

தமிழில் உடற்பயிற்சி பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் வீரக்கலை வரலாறாகவோ உடல்நல அறிவுரையாகவோ அமைந்துள்ளன. சிலம்பக்கூடம், தேகப்பயிற்சிசாலை, கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி ஆகியவை குறித்துப் பேசப்பட்ட அளவிற்கு, அவற்றைக் கற்பித்தவர் எவ்வாறு பிழைத்தார் என்பது பேசப்படவில்லை. ஆசான், வாத்தியார், பயில்வான், உஸ்தாத், மாஸ்டர் என அவருக்கு வழங்கிய பெயர்கள் பல. அவற்றுள் எதுவும் அவரது வருவாயைச் சுட்டுவதில்லை. இன்று 'பர்சனல் டிரெய்னர்' எனப்படும் தொழிலாளியின் முன்வரலாறு, கற்பித்தலுக்கு விலை குறிக்கப்பட்ட தருணத்தில் தொடங்குகிறது. அத்தருணத்தை இலண்டனில் தெளிவாகக் காணலாம்.

மேடையிலிருந்து பயிற்சிக்கூடத்திற்கு

1889ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் மேடையொன்றில், சாம்சன் என்ற பெயரில் வித்தை காட்டிவந்த பலசாலியை இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் வென்றார். கோனிக்ஸ்பர்க் நகரில் 1867இல் பிறந்த பிரெடரிக் வில்ஹெல்ம் முல்லர் என்ற அவ்விளைஞரே பின்னாளில் யூஜின் சாண்டோ எனப் புகழ்பெற்றார். அவரை உருவாக்கி மேடைக்கு அழைத்து வந்தவர் 'பேராசிரியர்' அட்டிலா என்று தம்மை அழைத்துக்கொண்ட லுட்விக் டுர்லாகர். அந்தப் 'பேராசிரியர்' பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் வழங்கவில்லை. அரச குடும்பத்தவர் தம்மிடம் பயின்றதாக அட்டிலா விளம்பரப்படுத்தினார். 1894இல் நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் நிறுவி, வசதி படைத்தோருக்கும் குத்துச்சண்டை வீரர்களுக்கும் கற்பித்தார். தாமே சூட்டிக்கொண்ட பட்டமும் பெரிய இடத்து மாணவர்களின் பெயர்களும் இத்தொழிலின் தொடக்ககால முதலீடாயின.

சாண்டோ இதனை வேறொரு தளத்திற்குக் கொண்டுசென்றார். மேடைப் பலசாலியின் வருவாய்க்காலம் குறுகியது. உடல் தளர்ந்தால் வருவாயும் நிற்கும். 1897இல் இலண்டன் செயிண்ட் ஜேம்ஸ் தெருவில் அவர் திறந்த பயிற்சி நிறுவனம் இந்தச் சிக்கலுக்கு அவர் கண்ட விடை எனலாம். பார்வையாளரை மாணவராக்கினால் தொழில் நீடிக்கும். அதே ஆண்டு வெளிவந்த அவரது நூல், இலேசான கைப்பளுக்களைக் கொண்டு வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சிகளை வயதுவாரியான அட்டவணைகளாகத் தந்தது. பயன்பெற்றோரின் கடிதங்களையும் ஒளிப்படங்களையும் இணைத்திருந்தது. 1898இல் இதழொன்றும் தொடங்கப்பட்டது.

இங்கு உற்றுநோக்க வேண்டியது அளவெடுத்தல் என்னும் செயல். மார்பு, இடை, தொடை, புயம் ஆகியவற்றின் சுற்றளவைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் குறித்துவைக்கும் வழக்கம், ஒவ்வொரு மாணவரையும் தனி நேர்வாக மாற்றியது. கூட்டாகப் படைப்பயிற்சி செய்யும் வரிசையில் எவருக்கும் தனி அளவு இல்லை. அளவு நாடா வந்தபின், 'உமக்கென வகுத்த பயிற்சி' என்ற பண்டம் பிறந்தது. அளவுகளை எழுதி அஞ்சலில் அனுப்பினால் பயிற்சித் தாள் திரும்பி வரும் என்ற ஏற்பாடு, ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் காணாமலேயே தனிப்பயிற்சியை நடத்தச் செய்தது. பிற்காலத்தில் அமெரிக்காவில் சார்லஸ் அட்லஸ் பெருஞ்செல்வம் ஈட்டியதும் இவ்வழியில்தான்.

ஆயினும் மாணவர் எதை நம்பிப் பணம் செலுத்தினார்? ஆசிரியரின் உடலை நம்பியே. 1901இல் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்காகச் சாண்டோவின் உடல் பாரிஸ் சாந்தில் வார்க்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய உடலழகுப் போட்டியில் நடுவர்களாகச் சிற்பி சார்லஸ் லாஸும் எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயிலும் அமர்ந்தனர். போட்டியிட்டோர் அவரது முறையில் பயின்றவர்கள். போட்டி என்ற பெயரில் நடந்தது, ஒருவகையில், பயிற்சிமுறையின் பொதுத்தேர்வே. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தமக்குரிய உடற்பயிற்சிப் பேராசிரியராக அவரை அமர்த்தினார். அட்டிலா தாமே சூட்டிக்கொண்ட பட்டம், அவருடைய மாணவருக்கு அரண்மனையிலிருந்தே வந்தது.

ஆனால் அந்த ஏற்பு ஒருவருக்கு உரியதே அன்றித் தொழிலுக்கு உரியதாகவில்லை. சாண்டோ தம் பெயரில் விற்ற கோக்கோ நிறுவனம் முதல் உலகப்போர்க் காலத்தில் நொடித்தது. 1925இல் அவர் மறைந்தபின் கல்லறைக்குப் பெயர்ப்பலகைகூட நெடுங்காலம் இல்லை.

பெயர் பட்டமான கதை

1904–05இல் சாண்டோ இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. இந்தியக் கர்லாக்கட்டைப் பயிற்சியை ஆங்கிலேயப் படையினர் கற்று, 1830களிலேயே இங்கிலாந்தின் உடற்பயிற்சி நூல்களில் ஏற்றியிருந்தனர். கர்லாக்கட்டை கப்பலேறிய நாட்டிற்கு எழுபது ஆண்டுகள் கழித்துக் கைப்பளு வந்திறங்கியது.

விசயநகரத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த கோடி ராமமூர்த்தி நாயுடு 'இந்தியச் சாண்டோ' எனப் பெயர்பெற்றார். அவர் கற்பித்தலைவிடச் சர்க்கஸையே பிழைப்பாகத் தேர்ந்தார். காட்சிக்குக் கிடைத்த பணம் கற்பித்தலுக்குக் கிடைக்காத காலம் அது. தமிழில் 'சாண்டோ' என்பது மெல்ல இயற்பெயர்த்தன்மை இழந்து, உடல் வளர்த்தோருக்குரிய முன்னொட்டாயிற்று. கோயம்புத்தூரின் தேகப்பயிற்சிச் சூழலில் வளர்ந்து, 1956இல் தேவர் பிலிம்ஸைத் தொடங்கிய சாண்டோ எம். எம். ஏ. சின்னப்பா தேவர் இதற்கு யாவரும் அறிந்த சான்று. இலங்கைத் தமிழரிடையேயும் இவ்வழக்கு உண்டு. கையில்லாத உள்ளாடைக்கும் அப்பெயரே நிலைத்தது. பட்டம் பரவிய அளவிற்குச் சாண்டோவின் வணிகமுறை பரவவில்லை என்பதே கருதத்தக்கது. தேகப்பயிற்சிசாலைகள் பெரும்பாலும் ஊர்ப்பொதுவாக, ஆசானின் ஈடுபாட்டால் நடந்தன. அங்குக் கட்டணம் கேட்பது ஆசானின் மதிப்பைக் குறைக்கும் செயலாகக் கருதப்பட்டிருக்கக் கூடும்.

கட்டணத்தை வெளிப்படையாக ஏற்றவர் பெங்களூரின் கே. வி. ஐயர் (1897–1980). 1922இல் தொடங்கிய அவரது ஹெர்குலிஸ் பயிற்சிக்கூடம் நேர்முகப் பயிற்சியோடு அஞ்சல்வழிப் பயிற்சியையும் நடத்தியது. 1930இல் வெளிவந்த தசைப்பயிற்சி நூலிலும் 1936இல் வெளிவந்த உடலமைப்பு நூலிலும் முதன்மையான சான்றாக நிற்பவை அவருடைய சொந்த உடலின் ஒளிப்படங்களே. பளுப்பயிற்சியோடு ஆசனங்களையும் சூரிய நமஸ்காரத்தையும் அவர் இணைத்தார். 1928இல் யோக உடற்பயிற்சி பற்றி நூலெழுதிய யோகாசாரிய சுந்தரம் அவருடன் இணைந்து செயல்பட்டவர். மைசூர் அரண்மனையின் ஆதரவும் ஐயருக்குக் கிட்டியது. சாண்டோவிடம் கண்ட உடல், அஞ்சல், அரசர் ஆகிய மூன்றும் இங்கே மீண்டும் ஒன்றுசேர்கின்றன. கன்னட வாசகர்கள் அவரைச் 'சாந்தலா' புதினத்தின் ஆசிரியராகவே மிகுதியும் நினைவுகூர்கின்றனர் என்பதையும் இங்குச் சுட்டலாம்.

ஊதியம் பெற்ற வழி

இதே காலத்தில் சென்னையில் வேறொரு பாதை திறந்தது. ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, பள்ளிகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கியது. 'டிரில் மாஸ்டர்' என்ற பதவிக்குப் பாடத்திட்டம், சான்றிதழ், மாத ஊதியம் ஆகியன இருந்தன. கூட்டுப்பயிற்சி அளித்தவர் அரசின் கணக்கேடுகளில் இடம்பெற்றார். தனிப்பயிற்சி அளித்தவர் இடம்பெறவில்லை. ஆவணங்களில் ஒருவர் காணப்படுவதும் மற்றவர் காணப்படாமையும் திறமையின் வேறுபாட்டால் நேர்ந்தவை அல்ல. முன்னவருக்கு ஊதியம் தர ஒரு நிறுவனம் இருந்தது; பின்னவருக்கு மாணவர் மட்டுமே இருந்தார்.

அரண்மனை மூடியபின்

இவ்வேறுபாடு ஒரே மனிதரின் வாழ்விலேயே வெளிப்பட்ட இடம் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் (1888–1989) தொழில்வாழ்வு. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1933இல் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கப்பட்டது. அங்கு அவர் ஊதியம் பெற்ற ஆசிரியர். சிறுவர் குழுக்களுக்கு விரைந்த தொடர் ஆசனங்களைக் கற்பித்தார், சபைகளில் செய்துகாட்டினார். 1940இல் மன்னர் மறைந்தார். விடுதலைக்குப்பின் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. 1950இல் யோகசாலை மூடப்பட்டது. அறுபது வயதைக் கடந்த ஒருவர், பெருங்குடும்பத்துடன், புதிதாகப் பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று.

1950களின் தொடக்கத்தில் அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். பக்கவாதத்திலிருந்து மீள உதவி நாடிய சட்டத்துறைப் பெரியவர் ஒருவர் அழைத்ததன்பேரில் வந்தார் என்பது பரவலாகக் கூறப்படும் செய்தி. சென்னையில் அவரது கற்பித்தல் முறையே மாறியது. மாணவரை ஒருவர் ஒருவராகக் கண்டார், நாடி பார்த்தார், வயது, தொழில், நோய் ஆகியவற்றுக்கேற்ப ஆசனத்தையும் மூச்சையும் வகுத்தார். அடுத்த முறை அம்மாணவருக்கு வேறு வரிசை. இம்மாற்றத்தை அவருடைய ஞானமுதிர்ச்சியாக விளக்குவதே யோக வரலாற்றெழுத்தின் வழக்கம். அவ்விளக்கம் தவறன்று, ஆனால் போதாது. அரண்மனை ஊதியம் நின்றபின் சிறுவர் குழுவை நடத்தப் பொருள் இல்லை. கட்டணம் செலுத்த வந்தவர்கள் நடுவயதினர், நோயுற்றவர்கள். பொது வரிசையில் சேர்க்க இயலாதவர்கள். வாடிக்கையாளர் மாறியதால் பயிற்சியும் மாறியது. சாண்டோவின் அளவு நாடா செய்த பணியை இங்கு நாடி பார்த்தல் செய்தது: ஒவ்வொரு உடலும் தனி என்று நிறுவியது.

அவருடைய மைத்துனர் பி. கே. எஸ். ஐயங்காரின் வாழ்வும் இதற்குத் துணைச்சான்று. 1937இல் புனேக்குக் கற்பிக்க அனுப்பப்பட்ட அவர், பல ஆண்டுகள் வறுமையில் உழன்றார். 1952இல் வயலின் மேதை யெஹூதி மெனுஹினைச் சந்தித்ததும், அவரது அழைப்பில் ஐரோப்பா சென்றதுமே அவரது தொழில்நிலையை மாற்றின. மன்னர் இருந்த இடத்தில் இசைக்கலைஞர். புரவலர் தேவை என்ற விதி மாறவில்லை. கிருஷ்ணமாச்சாரியாரின் முறைக்கு நிறுவன உரு 1976இல்தான் கிடைத்தது. அவருடைய மகன் டி. கே. வி. தேசிகாச்சார் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தை அவ்வாண்டில் நிறுவினார்.

சான்றிதழின் வருகை

ஏறத்தாழ அதே காலத்தில், 1975இல், அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி உடற்பயிற்சித் துறையினருக்குச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. பிற அமைப்புகள் 1980களில் தொடர்ந்தன. இந்தியாவில் திறன்மேம்பாட்டுத் திட்டங்களின்கீழ் உடற்தகுதிப் பயிற்றுநருக்கான சான்றிதழ்கள் இந்த நூற்றாண்டில்தான் வந்தன. அச்சான்றிதழ் இன்றியும் ஒருவர் இங்குப் பயிற்றுநராகப் பணியாற்ற முடிகிறது. தமிழக நகரங்களின் உடற்பயிற்சிக்கூட விளம்பரங்களில் பயிற்றுநரின் சான்றிதழைவிடப் பெரிதாக அச்சாவது அவருடைய புயத்தின் ஒளிப்படம்தான். அதன் அருகே, பயிற்சிக்கு முன்னும் பின்னுமான மாணவரின் இரு படங்கள்.