‘மிஸ் கமலா’ பிறந்த கதை

1936-ல் வந்த ‘மிஸ் கமலா’ படத்துக்குக் கதை, இயக்கம், தயாரிப்பு, கதாநாயகி எல்லாமே டி.பி.ராஜலட்சுமிதான். பம்பாயில் பாத்திமா பேகம் 1926-லேயே படம் இயக்கிவிட்டார். ஆனால் தென்னிந்தியாவில் ஒரு பெண் இயக்கிய முதல் படம் ‘மிஸ் கமலா’தான். அம்மாளுக்கு அப்போது வயது இருபத்துச் சொச்சம். இந்தப் படத்தின் ஊற்றைத் தேடுகிறவர்கள் ஸ்டுடியோவுக்குப் போவதைவிடத் திருச்சி நாடகக் கொட்டகைக்குப் போவது நல்லது.

திருவையாற்றுக் கர்ணம் பஞ்சாபகேச ஐயரின் மகள் அவர். பால்ய விவாகம் நிலைக்கவில்லை, அப்பாவும் காலமானார். அம்மாவோடு திருச்சிக்கு வந்த சிறுமிக்கு, நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் சிபாரிசில் சாமண்ணாவின் நாடகக் குழுவில் இடம் கிடைத்தது. பிராமணப் பெண் அரிதாரம் பூசினால் என்ன பேச்சு கிளம்பியிருக்கும் என்பதை ஸ்ரீரங்கம் சித்திரை வீதித் திண்ணைகளை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த மேடை கற்றுக்கொடுத்த பாடம் லேசுப்பட்டதில்லை. ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து. ராத்திரி மேடையேறினால் விடிய விடிய நாடகம். ‘வள்ளி திருமண’த்தில் தர்க்கக் காட்சி வந்ததும் நாரதர் பாடத்தில் இல்லாத ஒரு குறும்புக் கேள்வியைப் போடுவார். வள்ளி மூச்சு விடுவதற்குள் பதிலடி கொடுக்க வேண்டும், கைதட்டல் அடங்குமுன் ஆர்மோனியச் சுருதியைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்குத் தாவ வேண்டும். கூட்டம் கண்ணயர்ந்தால் காட்சியைச் சுருக்கணும். ‘ஒன்ஸ்மோர்’ வந்தால் நீட்டணும். எங்கே வெட்டுவது, எங்கே இழுப்பது என்பது இப்படிக் கைவந்தவருக்கு டைரக்‌ஷனில் பாதி மேடையிலேயே முடிந்துவிட்டது என்பேன்.

பிறகு சினிமா. 1931-ல் ‘காளிதாஸ்’. கதாநாயகன் தெலுங்கில் பேச, ராஜலட்சுமி தமிழில் பேசிய விநோதப் படம். காந்தியின் ராட்டையைப் பற்றி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டையும் அதில் பாடினார். காளிதாசனுக்கும் ராட்டைக்கும் என்ன சம்பந்தம்? மேடையில் அதையெல்லாம் யாரும் கேட்டதில்லை! 1933-ல் ‘வள்ளி திருமணம்’ சினிமாவானபோதும் இவர்தான் வள்ளி. நாரதராக நடித்த டி.வி.சுந்தரத்தையே கைப்பிடித்தார்.

இதற்கிடையில் ‘கமலவல்லி’ என்றொரு நாவலும் எழுதியிருந்தார். திருச்சிக்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் பங்குனியில் ஸ்ரீரங்கம் நம்பெருமாள் காவிரி கடந்து உறையூருக்குப் போய்ச் சேர்த்தி காணும் கமலவல்லி நாச்சியார் நினைவுதான் வரும். நாவலின் கமலவல்லியோ அன்றைய காலத்துப் பெண். புராணப் படங்கள் கொடிகட்டிப் பறந்த நேரத்தில் அந்தச் சமூகக் கதையைத்தான் ‘மிஸ் கமலா’ ஆக்கினார், சொந்த ராஜம் டாக்கீஸ் பெயரில். மகளுக்கும் கமலா என்றே பெயர்.

நடித்துப் பழகியே இயக்கத்துக்கு வந்தவர்கள் வேறு இடங்களிலும் உண்டு. ‘லாவெர்ன் அண்ட் ஷெர்லி’ என்ற அமெரிக்க டிவி காமெடித் தொடரில் சிரிக்கவைத்த பென்னி மார்ஷல், அதன் சில எபிசோடுகளை இயக்கிக் கை பழகி, 1988-ல் ‘பிக்’ எடுத்தார். பெண் இயக்கி 10 கோடி டாலர் வசூலைத் தாண்டிய முதல் படம் அது. அவருக்குப் பின்னால் பெரிய ஸ்டுடியோவின் பணம் இருந்தது. ராஜலட்சுமி போட்டது கைக்காசு. அடுத்து ‘மதுரை வீரன்’ இயக்கினார். நடித்துச் சம்பாதித்ததில் பெரும்பகுதி படமெடுத்தே கரைந்தது.

1961-ல் கலைமாமணி விருது வந்தது, 1964-ல் காலமானார். இனிஷியலில் ‘டி’ இருப்பதால் திருவையாறு அவரைச் சொந்தம் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். ஆனால் நடிகர் தியாகராஜ பாகவதர் எங்கள் ஊர் மேடையில் வளர்ந்தவர் என்று மார்தட்டும் திருச்சிக்காரர்கள், கோட்டைப் பக்கம் ஒரு சந்துக்காவது இந்த அம்மாள் பெயரை வைக்கலாம்.