பிரெண்ட்வுட் தொழிலாளர்களின் அச்சம்



கிருமித் தாக்குதல் என்றதும் மக்களின் பீதியை எப்படி அடக்குவது என்ற பேச்சு எழுந்துவிடுகிறது. அந்தப் பீதிக்கும் ஒரு வரலாறு உண்டு. வாஷிங்டன் நகரின் பிரெண்ட்வுட் தபால் பிரிப்பு நிலையத்தில் நடந்ததைக் கொண்டு அதை இன்று நினைவுகூர்வோம்.

2001 அக்டோபர் 15. அமெரிக்க செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் டாம் டாஷ்லின் அலுவலகத்தில் ஓர் உறையைப் பிரித்தார்கள். உள்ளே ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள். அங்கிருந்தவர்களுக்கு அன்றே மூக்கில் மாதிரி எடுத்து, சிப்ரோ மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாளில் கட்டடத்தையே மூடினார்கள்.

அந்த உறை பிரெண்ட்வுட் இயந்திரங்களின் வழியாகத்தான் அங்கே போயிருந்தது. பிரெண்ட்வுட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். ஒட்டிய உறையிலிருந்து கிருமி வெளியே வராது என்று அதிகாரிகள் நம்பினார்கள். ஆனால் இயந்திரம் அழுத்தியபோது காகிதத்தின் நுண்துளைகள் வழியே தூள் காற்றில் கலந்தது. 18ஆம் தேதி, நாட்டின் அச்சத்தைத் தணிக்க, தபால் துறைத் தலைவர் அந்த நிலையத்துக்குள்ளேயே செய்தியாளர்களைச் சந்தித்தார். 21ஆம் தேதிதான் நிலையத்தை மூடினார்கள். அன்று தாமஸ் மோரிஸ் இறந்தார். மறுநாள் ஜோசப் கர்சீன் இறந்தார். இருவரும் அங்கே வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளர்கள்.

பிறகு தபால் தொழிலாளர்களை விலை குறைந்த டாக்சிசைக்ளினுக்கு மாற்றினார்கள். ஆந்த்ராக்ஸுக்கு இரண்டு மருந்துமே கேட்கும். ஆனால் 'அவர்களுக்கு அது, நமக்கு இதுவா?' என்ற கேள்வி எழுந்துவிட்டது. டிசம்பரில் தடுப்பூசி வந்தபோது, சோதனை நிலைப் பயன்பாடு என்று சொல்லி ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். போட்டுக்கொள்ளுங்கள் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைக்கவும் இல்லை. பெரும்பாலோர் மறுத்தார்கள்.

இதை அறியாமை என்று நாம் சொல்லிவிட முடியுமா? 1932 முதல் 1972 வரை அலபாமாவின் டஸ்கிகீயில் சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து அரசின் பொதுச் சுகாதாரத் துறை மேகநோய் ஆய்வு நடத்தியது. பென்சிலின் வந்த பிறகும் நோயாளிகளுக்கு அதைக் கொடுக்கவில்லை. கடைசி ஆண்டுகளில் அந்த ஆய்வை நடத்தியது இதே நோய்க் கட்டுப்பாட்டு மையம்தான். பிரெண்ட்வுட் தொழிலாளர்கள் டஸ்கிகீயின் பெயரைச் சொல்லியே பேசினார்கள். அந்த ஆய்வு அம்பலமான 1972இல்தான் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தோன்றியது, கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை வரித்துக்கொண்டு. அந்த நினைவு நமக்கும் அந்நியமானதல்ல.

தொழிலாளர்கள் 'பிரெண்ட்வுட் எக்ஸ்போஸ்ட்' என்று தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். கூடிப் பேசினார்கள், துக்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள், பதில் கேட்டார்கள். அவர்களின் மனக்காயத்துக்கு அந்தக் கூட்டமும் ஒரு மருந்து.

2003 டிசம்பரில் நிலையம் மீண்டும் திறந்தது, இறந்த இருவரின் பெயரோடு. செனட் அலுவலகத்துக்கு அன்றைக்கே மாத்திரை. தபால் தொழிலாளிக்கு ஆறு நாள் கழித்து. அந்த ஆறு நாளுக்குக் கணக்குக் கேட்காமல் மக்களின் பீதியைப் பற்றி யார் பேசினாலும், நாம் எழுந்து இந்த வரலாற்றைச் சொல்வோம்.