மஞ்சள் தாளில் ஓடிய போட்டி: டூர் டி பிரான்ஸும் அதன் ரசிகர்களும்

யூலை வந்துவிட்டால் எங்கட வட்டத்தில் நாலைந்து பேருக்குப் பின்னேரத்தில் வேறு வேலை ஓடாது. பிரான்ஸில் மதியச் சாப்பாட்டு நேரம் புறப்படுகிற சைக்கிள்காரர்கள் எங்கட நேரத்துக்கு இரவு ஒன்பது மணிக்குக் கிட்டத்தான் அன்றைய கட்டத்தை முடிப்பார்கள். "நாலு மணித்தியாலமா ஃபோனைப் பிடிச்சுக்கொண்டு என்னத்தைப் பாக்கிறியள், சைக்கிள்தானே ஓடுறாங்கள்?" என்று வீட்டில் கேட்பார்கள். நாங்கள் ஒருநாளும் ஒழுங்கான பதில் சொன்னதில்லை.

இந்தப் போட்டியின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது, அந்தக் கேள்வி கேட்டவர்கள் நினைத்ததை விடச் சிக்கலானது என்று. டூர் டி பிரான்ஸை முழுதாகத் தன் கண்ணால் பார்த்த ரசிகர் என்று ஒருவரும் கிடையாது.

கிரிக்கெட் என்றால் மைதானத்தில் இருந்து முழு மட்சையும் பார்க்கலாம். டூர் அப்படியில்லை. 21 கட்டங்கள், மூன்று கிழமை, மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர். ஆல்ப்ஸ் மலைப்பாதையில் இடம்பிடிக்க முதல்நாளே போய்ப் படுத்துக்கிடக்கிற சனம் உண்டு. கும்பம் வைத்துவிட்டு, சுவாமி வாசலுக்கு வரும்வரை விடியப்புறத்தில் இருந்து காத்து நிற்கிறோமே, அதே மாதிரித்தான். முதலில் விளம்பர வண்டிகள் வரும். தொப்பி, இனிப்பு என்று எறிவார்கள், பெரிய மனுசரும் அடிபட்டுப் பொறுக்குவார்கள். பிறகு மோட்டார் சைக்கிள்கள், பொலிஸ், மேலே ஹெலிகொப்டர். அதற்குப் பிறகு சர்ரென்று ஒரு சத்தம். சமதரை என்றால் முழுக் கூட்டமும் இருபது முப்பது செக்கனில் போய்விடும். ஆர் முன்னுக்கு, ஆர் விழுந்தது, ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போய் ரீவி பார்த்தோ, அடுத்தநாள் பேப்பர் வாசித்தோதான் தான் கண்டது என்னவென்று அந்த ரசிகர் அறிய வேண்டும்.

பேப்பர் என்று சும்மா சொல்லவில்லை. இந்தப் போட்டி பிறந்ததே பேப்பர் விற்கத்தான்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் திரைஃபஸ் வழக்கு பிரான்ஸை இரண்டாகப் பிளந்திருந்தது. யூத இராணுவ அதிகாரி ஒருவர் மேல் சுமத்தப்பட்ட பொய்யான தேசத்துரோகக் குற்றச்சாட்டு அது. பச்சைத் தாளில் அச்சாகி வந்த 'லு வெலோ' என்ற விளையாட்டுப் பத்திரிகையின் ஆசிரியர் பியேர் ஜிஃபார் திரைஃபஸ் பக்கம் நின்றார். அந்தப் பத்திரிகைக்கு விளம்பரம் கொடுத்த முதலாளிகளில் பலர், கார் உற்பத்தியாளர் டி டியோன் உட்பட, எதிர்ப்பக்கம். கோபித்துக்கொண்டு போன அவர்கள் 1900இல் தங்களுக்கென்று ஒரு பத்திரிகையைத் தொடங்கினார்கள். அதன் தாள் மஞ்சள். பெயர் சம்பந்தமான வழக்கில் தோற்றதும் 1903இல் அது 'லோட்டோ' ஆனது. ஆசிரியர் ஹென்றி டெக்ரான்ஜ். விற்பனையோ படுத்துவிட்டது. என்ன செய்யலாம் என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தபோது, ஜியோ லெஃபேவ்ர் என்ற இளம் செய்தியாளர் சொன்னார்: நாட்டைச் சுற்றி ஒரு சைக்கிள் போட்டி வைப்பம்.

1903 யூலை 1. பாரிஸுக்கு வெளியே மோன்ஜெரோனில் 60 பேர் புறப்பட்டார்கள். மொத்தம் 2,428 கிலோமீற்றர், ஆறே ஆறு கட்டங்கள். லியோனில் முடிந்த முதல் கட்டம் மட்டும் 467 கிலோமீற்றர், இரவிரவாக ஓடினார்கள். கடைசி வரை வந்தது 21 பேர். மொரிஸ் காரான் ஏறக்குறைய மூன்று மணித்தியால வித்தியாசத்தில் வென்றார். யோசனை சொன்ன லெஃபேவ்ர்தான் நடுவர், அவரே செய்தியாளர். கொஞ்சத் தூரம் சைக்கிளில், மிச்சத்துக்கு ரயிலில் என்று பின்னால் ஓடி ஓடி எழுதினார். 25,000 பிரதியளவில் கிடந்த பத்திரிகை அந்தப் போட்டிக்குப் பிறகு 65,000ஐத் தொட்டது.

எங்களுக்கு இதில் பிடித்த விசயம், அந்த வாசகர்களில் ஆகக் கொஞ்சப் பேர்தான் ஒரு சைக்கிள்காரரையாவது கண்டிருப்பார்கள். இருட்டில், புழுதியில், ஒருவரும் பார்க்காத இடத்தில் நடந்ததை மஞ்சள் தாள் சொன்னது, அவர்கள் நம்பினார்கள். டூர் ரசிகராக இருப்பது என்றால் முதல் நாளில் இருந்தே அதுதான். வேறு ஆரோ சொல்கிறதை நம்புவது.

நம்பாமல் தாங்களே கையைப் போட்டவர்களும் உண்டு. அடுத்த வருசமே, 1904இல், சாந்த் எத்தியேனுக்குக் கிட்ட ஒரு மலைப்பாதையில், அந்த ஊர்க்காரரான அந்துவான் ஃபோர் முன்னுக்குப் போனதும், இருட்டில் காத்திருந்த அவருடைய ஆக்கள் பின்னால் வந்தவர்களைப் பொல்லால் அடித்தார்கள். காரானும் அடி வாங்கினார். நீம் நகரிலும் கலவரம். பாதையில் ஆணி போட்டார்கள். போட்டியாளர்களும் சும்மா இல்லை, ஏமாற்று முறைப்பாடுகள் குவிந்தன. டிசம்பரில் விசாரணை முடிந்து முதல் நாலு இடத்தவரையும் நீக்கினார்கள். ஐந்தாவதாக வந்த ஹென்றி கோர்னே, பத்தொன்பது வயதுப் பொடியன், வெற்றியாளர். அந்தப் போட்டி முடிந்த கையோடு டெக்ரான்ஜ், இனி டூர் இல்லை, தன் வெற்றியாலேயே அது செத்துவிட்டது என்ற கருத்தில் எழுதினார். அடுத்த வருசமும் நடத்தினார், அது வேறு கதை. பேப்பர் விற்கிறதே!

மலைகள் வந்த கதையிலும் ஒரு பொய் இருக்கிறது. 1910இல் பிரனீஸ் மலைத்தொடரின் தூர்மலே கணவாயைச் (2,115 மீற்றர்) சேர்க்கலாமா என்று பார்க்க அடோல்ஃப் ஸ்டைனெஸ் என்பவர் அனுப்பப்பட்டார். கார் பனியில் புதைந்து, இருட்டில் நடந்து, சாகப் பார்த்துத்தான் மற்றப் பக்கம் போய்ச் சேர்ந்தார். சேர்ந்ததும் டெக்ரான்ஜுக்குத் தந்தி அடித்தார்: கணவாயைக் கடந்தாயிற்று, பாதை நல்லது. அந்தத் தந்தியால்தான் இன்றைக்கு நாங்கள் மலைக் கட்டங்களுக்காக வேலைக்கு லீவு போடுகிறோம். அந்த வருசம் ஒக்தாவ் லப்பீஸ் மலையேறி வந்து, நின்றுகொண்டிருந்த அதிகாரிகளைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று கத்தினாராம். டூரை வென்றதும் அவர்தான்.

அதே தூர்மலேயில் 1913இல் யூஜீன் கிறிஸ்தோஃபின் சைக்கிளில் முன்சில்லைத் தாங்குகிற ஃபோர்க் உடைந்தது. விதியின்படி ஒருவரும் உதவி செய்யக்கூடாது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீற்றருக்கு மேல் இறங்கி நடந்தார். சாந்த் மரி டி காம்பன் என்ற கிராமத்தில் ஒரு கம்மாலை. அதிகாரிகள் பார்த்துக்கொண்டு நிற்க, தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டினார். துருத்தி ஊத ஒரு சின்னப் பொடியன் உதவினான். அதற்கும் தண்டனை! நேரம் கூட்டினார்கள்.

யுத்தம் முடிந்து 1919இல் டூர் மீண்டும் வந்தபோது, முன்னணியில் நிற்பவரை அடையாளம் காட்ட ஒரு ஜேர்சி கொடுத்தார்கள். பத்திரிகைத் தாளின் அதே மஞ்சள். முதலில் அணிந்தவர் இதே கிறிஸ்தோஃப். முடிய ஒரு கட்டம் இருக்க, திரும்பவும் ஃபோர்க் உடைந்தது. வெற்றி ஃபிர்மன் லம்போவுக்குப் போனது. வாசகர்களால் பொறுக்க முடியவில்லை. பத்திரிகை மூலம் காசு சேர்த்து அனுப்பினார்கள், சேர்ந்த தொகை வென்றவரின் பரிசை விட அதிகம். நாலு வருசம் யுத்தத்தில் அழிந்துபோன நாட்டில், தாங்கள் காணாத ஒரு மனுசனின் உடைந்த சைக்கிளுக்காகச் சில்லறை அனுப்பின சனம். ரசிகர் என்ற சொல்லுக்கு எங்களிடம் இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஆனால் எழுதுகிறவர்கள் எல்லாரும் டெக்ரான்ஜ் இல்லை. 1924இல் அல்பேர் லோந்ர் என்ற செய்தியாளர் வேறொரு பத்திரிகைக்காக டூரைத் தொடர்ந்து போனார். முந்தைய வருசம் வென்ற ஹென்றி பெலிசியேயும் தம்பி ஃபிரான்சிஸும் ஜேர்சி விதி ஒன்றில் முரண்பட்டு இடைநடுவில் விலகிவிட்டார்கள். கூத்தான்ஸ் என்ற ஊரில் ஒரு கடையில் இருந்த அவர்களை லோந்ர் பிடித்துக்கொண்டார். பையைத் திறந்து காட்டினார்கள்: கண்ணுக்குக் கொக்கேய்ன், முரசுக்குக் குளோரோஃபோம், அதோட குளிசைகள். அந்தக் கட்டுரை 'பாதைக் கைதிகள்' என்ற பெயரோடு இன்றும் பேசப்படுகிறது. பிற்காலத்தில் ஃபிரான்சிஸ், அந்த மனுசனுக்குச் சைக்கிள் பற்றித் தெரியாது, நாங்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னோம் என்ற மாதிரிக் கதைத்திருக்கிறார். ஆக, உண்மையை உடைத்த கட்டுரையிலும் எவ்வளவு உண்மை என்று நூறு வருசம் கழித்தும் நாங்கள் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பிறகு வானொலி. 1948இல் பாரிஸில் நடந்த கடைசி முடிவு தொலைக்காட்சியில் நேரடியாக வந்தது. கமராவை மோட்டார் சைக்கிளிலும் ஹெலிகொப்டரிலும் ஏற்றினார்கள். எல்லாக் கட்டங்களையும் தொடக்கம் முதல் முடிவு வரை நேரடியாகக் காட்டியது 2017இல்தான். 1964இல் பூய் டி டோம் எரிமலையில் ஜாக் ஆங்கெத்திலும் ரேமோன் பூலிதோரும் தோளோடு தோள் முட்ட ஏறிய படத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆங்கெத்தில் மஞ்சள் ஜேர்சியை 14 செக்கனால் தக்கவைத்தார், டூரையும் வென்றார். ஐந்து முறை வென்றவர் அவர். பூலிதோர் ஒருமுறையும் வெல்லவில்லை, ஒருநாள்கூட மஞ்சள் அணியவில்லை. சனத்துக்கு விருப்பமானவர் ஆரெண்டால் பூலிதோர்தான். 2021இல் அவருடைய மகளின் மகன் மத்தியூ வான் டெர் பூல் மஞ்சள் அணிந்து அழுதபோது எங்களில் சிலரும் அழுதோம். தாத்தா செத்து ஒன்றரை வருசம் ஆகியிருந்தது.

சொல்லப்படாத போட்டி நடக்காத போட்டி மாதிரித்தான். 1984இல் பெண்கள் டூர் தொடங்கியது. ஆண்கள் வருவதற்கு முன்னம், அதே பாதைகளில், அதே சனத்துக்கு முன்னால் ஓடினார்கள். முதலாவதை வென்றவர் அமெரிக்கரான மரியான் மார்ட்டின். எங்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? 1989க்குப் பிறகு அது அந்த வடிவில் நின்றுபோய், 2022இல்தான் உரிய இடத்துக்குத் திரும்பி வந்தது. 2024இல் அல்ப் டுயேஸ் உச்சியில் கசியா நியேவியாதோமா நாலே நாலு செக்கனால் டெமி வொல்லரிங்கை வென்றதை நாங்கள் எழும்பி நின்று பார்த்தோம்.

இனி, தவிர்க்க முடியாத பெயர். எங்களில் மூத்தவர்கள் இந்தப் போட்டிக்குள் வந்ததே லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கால்தான். புற்றுநோயில் இருந்து எழும்பி வந்து 1999 முதல் 2005 வரை ஏழு முறை தொடர்ந்து வென்றவர். அந்த மஞ்சள் றப்பர் வளையத்தைக் கையில் போட்டுக்கொண்டு ரியூசனுக்குப் போன ஒருவர் இந்தக் கட்டுரையை எழுதுகிற ஆக்களில் இருக்கிறார். முந்தைய வருசம்தான் ஃபெஸ்டினா அணியின் கார் நிறைய ஊக்கமருந்து பிடிபட்டு டூரே நாறியிருந்தது. அந்த நாற்றத்துக்குப் பிறகு இந்தக் கதை சனத்துக்குத் தேவைப்பட்டது. 1999இல் கிறிஸ்தோஃப் பாசோன்ஸ் என்ற பிரெஞ்சு வீரர், ஊக்கமருந்து இன்னும் இருக்கிறது என்று பத்திரிகைப் பத்தியில் எழுதினார். ஓட்டத்தின் நடுவில் ஆம்ஸ்ட்ரோங் பக்கத்தில் வந்து, இந்த விளையாட்டை விட்டுப் போ என்றார். மற்றவர்கள் கதையாமல் ஒதுக்கினார்கள். சில நாளில் பாசோன்ஸ் தனியே வீட்டுக்குப் போனார்.

இதெல்லாம் 2012இல் ஆம்ஸ்ட்ரோங்கின் ஏழு வெற்றிகளும் பறிக்கப்பட்ட பிறகு தெரியவந்த ரகசியம் இல்லை. அப்பவே பேப்பரில் வந்தது. கேள்வி கேட்ட பத்திரிகையாளர்களைப் பொறாமைக்காரர் எண்டு நாங்களும் சொன்னனாங்கள். ஏமாந்தோம் என்று சொல்வது எங்களுக்கு வசதி. கேட்க விருப்பமில்லாமல் இருந்தோம் என்பதுதான் கிட்டமுட்டச் சரி. அந்த ஏழு வருசத்துக்கும் வெற்றியாளர் பட்டியலில் ஒருவரின் பெயரும் போடவில்லை, வெறுமையாகக் கிடக்கிறது. அந்த வெறுமைக்குள் எங்கட பதின்ம வயசு முழுக்க இருக்கிறது. இப்ப போகச்சர் மலையில் தனியே பறக்கும்போது கை தட்டுகிறோம், தட்டிக்கொண்டே அடிவயிற்றில் ஒரு சின்னக் கேள்வியும் இருக்கும். அது இல்லாமல் பார்க்க எங்களால் இனி ஏலாது.

2021இல் முதல் நாளே பெரிய விபத்து. பாதையோரத்தில் தாத்தா பாட்டிக்கு வாழ்த்தெழுதிய மட்டையைப் பிடித்தபடி ஒரு பெண் பாதைக்குள் நீட்டினார். டோனி மார்ட்டின் அதில் மோத, பின்னால் வந்தவர்கள் அடுக்கடுக்காக விழுந்தார்கள். நீதிமன்றம் 1,200 யூரோ அபராதம் விதித்தது. அந்தக் காணொளியைத் திரும்பப் பாருங்கோ. அவர் சைக்கிள்களைப் பார்க்கவே இல்லை. முதுகு காட்டி, ரீவிக் கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். உலகமே அவரைத் திட்டியது. எங்களுக்கோ கொஞ்சம் பாவமாக இருந்தது.

2025 யூலை 27, கடைசிக் கட்டம். பாரிஸில் மொன்மார்த் குன்றை மூன்று முறை ஏறுகிற மாதிரிப் புதிதாகப் பாதை போட்டிருந்தார்கள். எங்கட ஆக்கள் கடை வைத்திருக்கிற லாச்சப்பலில் இருந்து அது நடந்துபோகிற தூரம். எங்களில் ஒருவரின் மாமா கடையைப் பூட்டிவிட்டு, மழைக்குள் குடையோடு போய் நின்றார். அவர் அனுப்பிய வீடியோ பதினொரு செக்கன். குடைகள், சனத்தின் தலை, சத்தம், கலங்கலாக ஏதோ நிறங்கள். எங்களுக்கு இங்கே இரவு பதினொரு மணியாகப் போகுது, ஃபோனைச் சுற்றி நாலு பேர். உடனே அடுத்த மெசேஜ் வந்தது: "தம்பி, இப்ப ஆர் முன்னுக்குப் போறது?"

வான் ஆர்ட், மாமா, தனியப் போறார் என்று எழுதி அனுப்பினோம்.