பிபெர்: மிளகின் இலத்தீன் பெயர்

மிளகைக் குறிக்கும் இலத்தீன் சொல் 'பிபெர்'. கிரேக்கத்தின் 'பெபெரி' வழியாக ரோமுக்குச் சென்ற இந்தியச் சொல் இது. யவனர் முசிறியில் மிளகு ஏற்றிச் சென்றதால், அச்சொல்லின் வேரும் தமிழே என்று கருதுவோர் உண்டு. ஆனால் அதன் மூலம் 'மிளகு' அன்று. திப்பிலியைக் குறிக்கும் 'பிப்பலி' என்னும் வடசொல்லே. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி ஒரு ராத்தல் திப்பிலிக்கு 15 தினாரியம், கருமிளகுக்கு 4 தினாரியம் என்று விலை குறிக்கிறார். விலை மிகுந்த திப்பிலியின் பெயரே மலிவான மிளகுக்கும் ஆகிவந்தது.

ரோமில் அச்சொல் இலத்தீன் வேற்றுமைகளை ஏற்றது. மிளகினது 'பிபெரிஸ்'; மிளகுக்கு 'பிபெரி'; மிளகால் 'பிபெரே'. எழுவாயிலும் செயப்படுபொருளிலும் மட்டும் ஒரே வடிவம்: 'பிபெர்'. ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத இலத்தீன் பெயர்கள் அனைத்துக்கும் இதுவே விதி. 'மிளகு வாங்கினான்' என்று இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு நிற்கப் பேசும் நமக்கு இது வியப்பாகாது.

408இல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக், விலகிச் செல்லக் கேட்டவற்றுள் 3000 ராத்தல் மிளகும் ஒன்று. சரக்கு சேரநாட்டினது, சொல் வடபுலத்தது, உருபு ரோமினது. சேரமலை மிளகின் பெருமைக்கு இந்த வரலாறே போதும். இல்லாத வேர்ச்சொல் ஒன்றைத் தேடிச் சேர்க்க வேண்டியதில்லை.