லயத்துப் புறவளவும் தாராக் கூடும்

தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை ஆராய்ந்தோர் ஏற்றுமதி, கூலி, குடியுரிமை என்பன பற்றி விரிவாக எழுதியுள்ளனர். லயத்தின் பின்புறத்தே தகரத்தாலும் பெட்டிப் பலகையாலும் எழுந்த கோழிக் கூடும் மாட்டுப் பட்டியும் அவர்தம் கவனத்தைப் பெரிதும் ஈர்க்கவில்லை. எனினும், தொழிலாளர் குடும்பமொன்று எவ்வளவு நிலத்தைத் தன்னதாகக் கருதி ஒழுக முடிந்தது என்பதற்கு இக் கூடுகளே நேர்ச் சான்று. அவற்றுள்ளும் தாராக் கூடு தனித்து நோக்கற்பாலது; நீரையும் நிலத்தையும் ஒருங்கே வேண்டி நிற்கும் பறவை அது. (தமிழகத்தார் வாத்து என வழங்குவதை ஈழத்தமிழர் தாரா என்பர், சிங்களத்தில் அது தாராவா. சொல் இரு மொழிக்கும் பொதுவாயிருப்பது சுவையானது.)

மலைநாட்டுக்கு வந்தோருட் பலர் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், மதுரை முதலிய மாவட்டத்தார். காவிரிச் சமவெளியில் தாரா வளர்ப்பென்பது மேய்ச்சற்றொழில். அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேயவிட்டு, நூற்றுக்கணக்கான பறவைகளை ஊர்விட்டு ஊர் ஓட்டிச் செல்வர். இரவில் மூங்கிற் கழி நட்டு வலை சுற்றினால் அதுவே பட்டி. கூரை வேண்டுவதில்லை, நிலத்துக்குரியவனும் எருவை எண்ணி அதனை விரும்பியே ஏற்பான்.

வயலற்ற மலைச்சரிவில் அம்முறைக்கு இடமேது? வட்டவளையில் ஆண்டுதோறும் 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. நுவரெலியாவில் தை, மாசி இரவுகளில் உறைபனியும் படர்வதுண்டு. இங்கு கூடு கட்டியே ஆகவேண்டும். குளிருக்கஞ்சி அதனை நாற்புறமும் இறுக அடைப்பது பொதுவாக நேரும் பிழை. தாராவின் இறகு குளிரைத் தாங்கும். ஈரமும் தேங்கிய காற்றுமே அதனைக் கொல்வன. குடிக்கும்போதே நீரை வாரி இறைக்கும் இயல்புடையதாகலின் படுக்கை விரைவில் நனைந்து, எச்சத்தின் காரநெடி எழும். ஆகவே தளம் நிலத்தினின்று சற்றுயர்ந்து ஒருபுறம் சரிந்திருத்தல் வேண்டும். கூரையின் கீழ்க் காற்றுப் புக இடைவெளி வேண்டும். வைக்கோல் கிடையாத இடத்து உலர்ந்த மானாப்புல் பரப்பலாம். கோழிபோல் தாரா கொம்பேறி உறங்குவதில்லை. ஆதலாற் பரண் வேண்டா; அகன்ற தாழ்வாயில் போதும். கீரியும் மரநாயும் புகாவண்ணம் கம்பிவலை அவசியம். பெரும்பாலும் விடியலிலேயே முட்டையிடுமாதலின், காலை எட்டு, ஒன்பது மணிவரை கதவைத் திறவாதிருத்தல் நன்று. நீந்தக் குளம் இல்லையெனினும் குறையில்லை; தலையை முழுதும் அமிழ்த்திக் கண்ணைக் கழுவிக்கொள்ளும் ஆழமுள்ள தொட்டி இன்றியமையாதது.

இவை எவையும் அருந்திறன் வேண்டும் வேலைகளல்ல. பழைய தேயிலைப் பெட்டியும் கிரவீலியாக் கிளையும் துருவேறிய தகரமும் கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கத்தக்கவை. அரியதாயிருந்தது நிலமே.

கோப்பிக் காலத்தில் தொழிலாளர் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து மீள்வோராயிருந்தனர். அவர்தம் குடியிருப்பும் தற்காலிகமாகவே கருதப்பட்டது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. ஆகவே குடும்பங்கள் நிலையாகத் தங்கின. லயமோ பாசறை வடிவிலேயே நீடித்தது. காம்பிரா ஒன்று பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதாவது 120 சதுர அடி. தாரா வளர்ப்பு நூல்கள் பறவையொன்றுக்கு இரவுக் கொட்டிலில் ஏறக்குறைய 3 சதுர அடியும் வெளிமுற்றத்தில் 10 முதல் 15 சதுர அடியும் விதிக்கின்றன. ஆறு தாராக்களுக்கு 78 முதல் 108 சதுர அடி ஆகின்றது. ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, உறங்கி, பிள்ளை பெற்ற இடமும் ஏறத்தாழ அவ்வளவே.

லயத்தைச் சூழ்ந்த மண் தோட்டத்துக்குரியது. காய்கறிப் பாத்தியும் மாட்டுப் பட்டியும் துரையின் இசைவில் நின்றவையேயன்றி உரிமையில் நின்றவையல்ல. 1912ஆம் ஆண்டு மருத்துவச் சட்டங்களும், 1916இல் றொக்பெல்லர் மன்றத்தின் துணையோடு தொடங்கிய கொழுக்கிப்புழு ஒழிப்பும் தோட்டத்துச் சுகாதாரத்தை மேற்பார்வைக்குரியதாக்கின. அதனால் விளைந்த நன்மை மறுக்கற்பாலதன்று. ஆயின், கானிலும் பீலிக்கரையிலும் சேறு கலக்கும் பறவைக்குத் துப்புரவு நோக்கிய லயத்தில் இடமிருத்தல் அரிது. கோழி ஒரு கூடைக்குள்ளும் அடங்கும், தாரா அடங்காது. மலையகத்தில் கோழியே மிகுந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், எந்நேரமும் கப்பலேற வேண்டியிருக்கலாம் என்ற நிலையில் எவர்தாம் கூட்டுக்குக் கல்லடித்தளம் இடுவர்? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமை கம்பனிகளின் கைக்கு மாறியது. லயம் மாறவில்லை.

2015இன் பின்னர் 7 பேர்ச் நிலத்தோடு தனிவீடுகள் வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்றும் பல குடும்பங்கள் லயத்திலேயே வாழ்கின்றன. 7 பேர்ச் என்பது 1,905 சதுர அடி. 550 சதுர அடி வீடு போக எஞ்சுவது 1,350 சதுர அடியளவு. அதிற் பாதி சரிவாயினும் ஆறு தாராக்களுக்கு இடம் உண்டு. வீட்டின் கீழ்ச்சரிவில், கிணற்றுக்கும் பீலிக்கும் எட்ட, தொட்டியின் கழிவுநீர் தன் பாத்திக்கே பாயுமாறு அதனை அமைத்தல் வேண்டும். அயல்வீட்டு எல்லை இப்போது சில முழத்திலேயே உள்ளது.