ஓடும் காரில் ‘பி’ கியரும் மின்னணு நிறுத்த பிரேக்கும்

தானியங்கி கியர் கார்களில் ‘பி’ என்னும் நிறுத்த நிலை தொடக்கத்தில் இல்லை. 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்த ஹைட்ரா-மேட்டிக்கில், என்ஜினை அணைத்துவிட்டு ரிவர்சில் வைத்தால்தான் வண்டி பூட்டிக்கொள்ளும். 1948இல் பியூக் டைனாஃப்ளோவில் ‘பி’க்குத் தனி இடம் இருந்தது. கிரைஸ்லரின் 1956 மாதிரிப் பொத்தான் கியரிலோ அது இல்லை, கைபிரேக்கே துணை.

பெயர் நிறுத்தம் என்றாலும் ‘பி’ ஒரு பிரேக் அன்று. கியர்ப்பெட்டியின் வெளியீட்டுத் தண்டோடு சுழலும் பல்சக்கரத்தின் பள்ளத்தில் விழும் சிறு எஃகுக் கொக்கி அது. கார் விரைந்து ஓடும்போது அதைப் போட்டால், கொக்கி பற்களின் மேல் கடகடவென்று துள்ளுமே தவிர உள்ளே இறங்காது. வேகம் ஏறத்தாழ நடைவேகத்துக்குக் குறைந்ததும் சட்டென்று விழும். வண்டி குலுங்கி நிற்கும், கொக்கி உடையவும் கூடும். பல புதிய கார்களில் கணினி இக்கட்டளையை ஏற்பதே இல்லை.

கொக்கி சரியாக விழாததும் உயிர்களைப் பறித்திருக்கிறது. 1966 முதல் 1980 வரையிலான ஃபோர்டு வண்டிகள் ‘பி’யிலிருந்து ரிவர்சுக்கு நழுவுவதாகப் புகார்கள் குவிந்தன. அமெரிக்க அரசுடனான உடன்பாட்டின்படி, ஏறத்தாழ 2.3 கோடி வண்டிகளுக்கு எச்சரிக்கை ஒட்டி அனுப்பப்பட்டது. பழுதுபார்ப்பு இல்லை, ஒட்டி மட்டுமே!

2001இல் பி.எம்.டபிள்யூ. 7 வரிசையில் வந்த மின்னணு நிறுத்த பிரேக்கின் கதை வேறு. பழைய கைபிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களை மட்டும் இறுக்கியதால் ஓட்டத்தில் இழுத்தால் வண்டி சறுக்கிச் சுழலும். மின்னணு வகையில், ஓடும்போது பொத்தானை விடாமல் பிடித்தால், பெரும்பாலான கார்களில் கணினி நான்கு சக்கரங்களின் திரவ பிரேக்கையும் இயக்கும். சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏற்பாடும் உடன் செயல்படும். கால்பிரேக் கைவிட்ட வேளைக்கென்றே அமைந்த வசதி இது. பொத்தானை விட்டால் பிரேக்கும் விட்டுவிடும்.